விடுபட்ட அளவும் பிடிக்கப்பட்ட சம்பளமும்

“டிராயிங் பார்க்கத் தெரியாதவனையெல்லாம் மெஷின்ல நிறுத்தினா இப்படித்தான்.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் லேத்திலும் மில்லிங்கிலும் சிஎன்சியிலும் நிற்கிற எங்கள் பிள்ளைகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. ஜாப் ரிஜக்‌ஷன் ஆனதும் முதலில் வருவது இந்த வசனம். மாதக் கடைசியில் வருவது சம்பளப் பிடித்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: அந்த டிராயிங்கில் பார்ப்பதற்கு என்ன இருந்தது, என்ன இல்லை? அது மட்டும் வருவதே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் எங்கள் காலனியின் அம்பேத்கர் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து டிராயிங் வாசிக்கிறோம். ஐடிஐ முடித்தவர்கள், பத்தாவதோடு நின்று ஹெல்பராகப் போய் ஆபரேட்டர் ஆனவர்கள், இன்ஸ்பெக்‌ஷனில் வெர்னியர் பிடிக்கிற தங்கச்சிகள், நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். கேரம் போர்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மேசையிலேயே தாளை விரிப்போம். ‘கவிதை வாசிக்கிறவன் இருக்கான், கதை வாசிக்கிறவன் இருக்கான், இவனுங்க என்னடா டிராயிங் வாசிக்கிறானுங்க’ என்று எட்டிப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு டிராயிங் புதிதல்ல. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாடியில் டிவிஎஸ் குழுமத்து ஆலைகள் அதே அறுபதுகளில் எழுந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை திறந்ததும் பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சிறுபட்டறைகள் வரிசை வரிசையாக முளைத்தன. இன்று அந்த வரிசை பட்டரவாக்கம், அத்திப்பட்டு, திருமுல்லைவாயல் என்று நீண்டு திருமழிசை வரைக்கும் போய்விட்டது. இரண்டு சிஎன்சியும் ஒரு டிரில்லிங் மெஷினும் மேலே தகரக் கூரையும் இருந்தால் அது ஒரு கம்பெனி.

பெரிய ஆலை டிராயிங் போடுகிறது. அதை வெண்டருக்குக் கொடுக்கிறது. வெண்டர் தனக்குக் கீழே இருக்கிற ஜாப் ஆர்டர் பட்டறைக்குக் கொடுக்கிறார். அந்தப் பட்டறை, வேலை அதிகமானால் பக்கத்துத் தெரு ஷெட்டுக்குத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஜாப்புக்கான காசு குறைகிறது, இது எல்லோருக்கும் தெரியும். டிராயிங்கும் குறைகிறது, இதை யாரும் பேசுவதில்லை. முதலில் முழுத் தாள். அடுத்து ஜெராக்ஸ். அதற்கடுத்து ஜெராக்ஸின் ஜெராக்ஸ். கடைசியில் எங்கள் பையன் கைக்கு வருவது வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோ. வாடிக்கையாளர் பெயர் தெரியக் கூடாது என்று கீழே வலது மூலையில் இருக்கும் கட்டத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மூலைக் கட்டத்தில் கம்பெனி பெயர் மட்டுமா இருக்கிறது? தனியாக டாலரன்ஸ் எழுதாத அளவுகளுக்கெல்லாம் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற பொதுக் குறிப்பு அங்கே இருக்கிறது. முதல் கோண முறையில் வரைந்ததா, மூன்றாம் கோண முறையில் வரைந்ததா என்று சொல்லும் சின்னக் கூம்புப் படம் அங்கே இருக்கிறது. நம் நாட்டுத் தர நிர்ணயப்படி முதல் கோணம்; அமெரிக்க டிராயிங் என்றால் மூன்றாம் கோணம். இது தெரியாமல் செய்தால் இடதுபக்கம் வர வேண்டிய ஓட்டை வலதுபக்கம் வரும். எத்தனையாவது முறை திருத்திய டிராயிங் என்ற எழுத்தும் அங்கேதான் இருக்கிறது. பாதி விளக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பார்க்கத் தெரியவில்லை என்கிறார்கள்.

சரி, டேட்டத்துக்கு வருவோம். டிராயிங்கில் ஒரு சின்ன முக்கோணமும் அதன் மேல் ஒரு சதுரத்துக்குள் ஏ, பி, சி என்று எழுத்தும் இருக்கும். ‘இந்த முகத்திலிருந்து அள’ என்பது அதற்கு அர்த்தம். கொத்தனார் வேலைக்குப் போனவர்களுக்கு இதைப் புரியவைக்க இரண்டு நிமிஷம் போதும். டியூப்பில் தண்ணீர் நிரப்பி, சுவரில் சுற்றிலும் ஒரு மட்டக்கோடு அடிக்கிறோம். ஜன்னல் அடி, கதவு நிலை, சுவிட்ச் போர்டு எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கிறோம். தரை மேடு பள்ளமாக இருக்கும், அதிலிருந்து அளந்தால் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு உயரத்தில் நிற்கும். அந்தக் கோடுதான் டேட்டம்.

பூந்தமல்லியிலிருந்து போரூர் தாண்டினால் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ல் அதன் அருகேதான் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை விரித்து, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமாக விரிந்த பெரிய நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. ஒரு தேசத்தை அளப்பதற்கே முதலில் ஒரு கோட்டை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பிராக்கெட்டை அளக்க வேண்டாமா?

வார்ப்பிலிருந்து வரும் பிராக்கெட்டின் ஓரம் கரடுமுரடாக இருக்கும். மில்லிங் செய்த அடிப்பக்கத்தை ஏ என்று டிராயிங் சொல்கிறது. அவசரத்தில் கரடான ஓரத்தைத் தாங்கலில் ஒட்டிவைத்து ஓட்டை போட்டால், அன்றைக்கு வார்ப்பு எப்படி வந்ததோ அப்படி ஓட்டை நகரும். முதல் பீஸ் சரியாக இருக்கும், ஏழாவது பீஸ் போய்விடும். ‘நான் ஒரே மாதிரிதானே செஞ்சேன்’ என்பான் பையன். உண்மைதான், அவன் ஒரே மாதிரிதான் செய்தான். வார்ப்பு ஒரே மாதிரி இல்லை.

எழுத்துகளின் வரிசையையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டை ஆறு விதமாக அசையும்: மூன்று திசையில் நகரும், மூன்று விதமாகத் திரும்பும். முதல் டேட்டம் மூன்று புள்ளிகளில் உட்கார்ந்து மூன்று அசைவை நிறுத்துகிறது. இரண்டாவது இரண்டு புள்ளிகளில் ஒட்டி இரண்டை நிறுத்துகிறது. மூன்றாவது ஒரே புள்ளியில் தொட்டு கடைசி அசைவை நிறுத்துகிறது. ஏ, பி, சி என்று இருப்பதை ஏ, சி, பி என்று பிடித்தால் என்ன ஆகும்? பக்கங்கள் சுத்தமான மூலமட்டத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு 0.2 விலகல் இருக்கிறது என்று வையுங்கள். விளிம்பிலிருந்து 150 தள்ளி இருக்கும் ஓட்டையின் உயரம் 0.3 மாறிவிடும். மெஷினும் சரி, புரோகிராமும் சரி, வெர்னியரும் சரி. பீஸ் மட்டும் ரிஜக்‌ஷன்.

அளவு எங்கே தொடங்குகிறது என்பதோடு எப்படித் தொடர்கிறது என்பதும் முக்கியம். ஒரு பட்டையில் ஐந்து ஓட்டைகள். விளிம்பிலிருந்து 20, அங்கிருந்து 20, அங்கிருந்து 20 என்று சங்கிலியாக, ஒவ்வொன்றுக்கும் ±0.1 போட்டிருந்தால், ஐந்தாவது ஓட்டை விளிம்பிலிருந்து 100 ±0.5 வரை போகலாம். அதையே ஒரே விளிம்பிலிருந்து 20, 40, 60, 80, 100 என்று ±0.1 போட்டிருந்தால் ஐந்தாவது ஓட்டைக்கும் ±0.1 மட்டும்தான், ஆனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளுக்கு நடுவில் ±0.2 வரை வரலாம். இரண்டில் எது வேண்டும் என்பது அந்தப் பட்டை எதில் மாட்டப்போகிறது என்பதைப் பொறுத்தது. அது எங்கே மாட்டப்போகிறது என்று தகரக் கூரைக்குக் கீழே நிற்பவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே டிராயிங் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படித்தான் அவன் செய்ய முடியும். தன் வசதிக்குச் சங்கிலியை மாற்றக் கூடாது, அவனை மாற்றச் சொல்லவும் கூடாது.

இனி விடுபட்ட அளவு. ‘அளவு இல்லை’ என்று சொல்வதற்கு முன் மூன்று சல்லடையில் சலிக்க வேண்டும் என்று படிப்பகத்தில் சொல்லிக்கொடுக்கிறோம்.

முதல் சல்லடை கணக்கு. ஒரு ஷாஃப்டின் மொத்த நீளம் 120, ஒரு படி 35, அடுத்த படி 50. மூன்றாவது படிக்கு அளவு இல்லை. 120-லிருந்து 85 போனால் 35. இதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கொடுத்த மூன்று அளவுக்கும் ±0.1 என்றால் நான்காவது ±0.3 வரை போகும். மிச்சமெல்லாம் அங்கே போய்ச் சேரட்டும் என்பதுதான் வரைந்தவரின் எண்ணம். அதற்கும் ஒரு அளவு கொடுத்து டாலரன்ஸும் போட்டிருந்தால் நான்கும் ஒன்றோடொன்று சண்டை போட்டிருக்கும்.

இரண்டாவது சல்லடை வழக்கம். இரண்டு கோடுகள் செங்கோணமாக வரைந்திருந்து கோணம் எழுதவில்லை என்றால் 90 டிகிரி. பிசிடியில் ஆறு ஓட்டை என்று மட்டும் சொல்லி, சம இடைவெளியில் வரைந்து, வேறு கோணம் கொடுக்கவில்லை என்றால் 60 டிகிரிக்கு ஒன்று. ஒரு அளவுக்குப் பக்கத்தில் டாலரன்ஸ் இல்லை என்றால் பொதுக் குறிப்பைப் பார். ஐஎஸ் 2102 மீடியம் என்று இருந்தால் 6-க்கு மேல் 30 வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3, 120-க்கு மேல் 400 வரை ±0.5. இதெல்லாம் எழுதாமலே எழுதிய அளவுகள். இதற்காகத்தான் அந்த மூலைக் கட்டத்தை வெட்டாதே என்கிறோம்.

இரண்டிலும் சிக்காமல் மூன்றாவது சல்லடையில் நிற்பதுதான் உண்மையில் இல்லாத அளவு. அடைபட்ட ஓட்டையின் ஆழம். மரை எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பது. உள்மூலையின் ரேடியஸ். இவற்றை எந்தக் கூட்டல் கழித்தலும் தராது. ஸ்கேல் வைத்து டிராயிங்கையே அளந்து எடுக்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும்போதே தாள் சுருங்கியிருக்கும். போட்டோ என்றால் கோணலாகவும் இருக்கும். டிராயிங்கை அளக்காதே என்று டிராயிங்கிலேயே எழுதியிருப்பது சும்மா இல்லை. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்க வேண்டும்.

கேட்பது என்று வந்துவிட்டால் இஞ்சினியரிங் முடிந்து ஊர் தொடங்கிவிடுகிறது.

ஏசி அறைக் கண்ணாடிக் கதவைத் தட்டி, ‘சார், இதுல டெப்த் இல்லையே’ என்று கேட்பதற்கு ஒரு பையனுக்கு என்ன வேண்டும்? டிராயிங் தெரிந்தால் போதும் என்று நினைப்பீர்கள். ஓனரின் ஊர்க்காரப் பையன் கேட்டால் ‘ஷார்ப்பா இருக்கான்’ என்கிறார்கள். அதே கேள்வியை எங்கள் காலனிப் பையன் கேட்டால் ‘வேலை தெரியல’ என்கிறார்கள். இரண்டாவது முறை கேட்டால் ‘திமிர்’ என்கிறார்கள். எந்த ஏரியா, எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு குரலில் ஏறுகிற அந்தச் சுருதி எங்களுக்குப் பழக்கமானது. மூன்றாவது முறை அவன் கேட்பதில்லை. தானாக ஒரு அளவைப் போட்டுக்கொள்கிறான். சரியாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. தப்பாக வந்தால் ‘டிராயிங் பார்க்கத் தெரியாதவன்.’

எங்கள் தம்பி ஒருவனுக்கு நடந்தது. ஷெட்டின் பெயர் வேண்டாம். நைட் ஷிஃப்ட்டில் ஃபிளாஞ்ச் ஒன்றுக்கு ஆறு ஓட்டை போடும் வேலை. பிசிடி இருந்தது, ஓட்டை அளவு இருந்தது. உள்துளையில் கீவே வெட்டு இருக்கிறது. கீவேக்கு நேராக ஓட்டை வர வேண்டுமா, இரண்டு ஓட்டைக்கு நடுவில் கீவே வர வேண்டுமா என்பது இல்லை. ஓட்டைகளை முன்பக்கப் படத்தில் காட்டியிருந்தார்கள், அதில் கீவே இல்லை. கீவேயை வெட்டுத்தோற்றத்தில் காட்டியிருந்தார்கள். வெட்டுத்தோற்றத்தில் ஓட்டையைச் சுழற்றி வெட்டுக்கோட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவது வரைபவர்களின் வழக்கம், அதை வைத்துக் கோணம் முடிவு செய்யக் கூடாது. தம்பி சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். ‘எப்பவும் போடுற மாதிரி போடுடா, தூங்க விடு’ என்று பதில். கீவேக்கு நேராகப் போட்டான். 40 பீஸ். அசெம்பிளியில் 30 டிகிரி தள்ளி இருந்திருக்க வேண்டுமாம். வாடிக்கையாளர் பட்டறைக்கு டெபிட் போட்டார், பட்டறை அதைத் தம்பியின் சம்பளத்தில் போட்டது. பேசியதற்குச் சாட்சி இல்லை.

நாங்கள் நான்கு பேர் போனோம். கோஷம் போடவில்லை. டிராயிங்கை மேசையில் விரித்து, பென்சிலால் அந்த இடத்தைச் சுழித்து, ‘சார், இந்தக் கோணம் எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க’ என்றோம். ஓனர் பார்த்தார். சூப்பர்வைசர் பார்த்தார். பக்கத்துப் படத்தைப் பார்த்தார்கள், வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் வாடிக்கையாளருக்குப் போன் போனது. அடுத்த வாரம் கோணம் சேர்த்துத் திருத்திய டிராயிங் வந்தது. பிடித்த பணமும் வந்தது. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தம்பியை வேலைக்குக் கூப்பிடவில்லை. காண்ட்ராக்ட் ஆள்தானே, கூப்பிடாமல் விட்டால் யாரும் கேட்க முடியாது. அவன் இப்போது வேறொரு இடத்தில் செட்டராக இருக்கிறான். கணக்கு நேராகிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, தொழிலாளியின் கவனக்குறைவால் நஷ்டம் என்று பிடித்தம் செய்வதற்கு முன் அவர் தன் பக்கத்து விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது. நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது என்றது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. அளவே இல்லாத டிராயிங்கைக் கையில் கொடுத்துவிட்டு, அதைக் கவனக்குறைவு என்று யார் தலையில் எழுதுவது? விளக்கம் சொல்லும் அந்த வாய்ப்பில் முதலில் மேசைக்கு வர வேண்டிய ஆவணம் டிராயிங்தான். அதை வாசிக்கத் தெரிந்தவன்தான் அந்த மேசையில் பேச முடியும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை உட்காருவதன் காரணம் இதுதான்.

டிராயிங்கைக் கேள்வி கேட்பது குற்றமல்ல. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த டார்பிடோ ஆலையில் ஸ்டான்லி பார்க்கர் என்பவர் 1938 வாக்கில், ஓட்டை இருக்க வேண்டிய இடத்தைச் சதுர எல்லைக்குள் கட்டிவைத்த பழைய முறையையே கேள்வி கேட்டார். ±0.1, ±0.1 என்று போட்டால் ஓட்டையின் மையம் ஒரு சதுரத்துக்குள் இருக்க வேண்டும். சதுரத்தின் மூலை வரை போகலாம் என்றால், அதே தூரத்துக்கு மற்ற பக்கம் போனால் மட்டும் ஏன் ரிஜக்‌ஷன்? சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் இடம் 57 சதவீதம் கூடுகிறது. இன்று உலகமெங்கும் டிராயிங்கில் இருக்கிற பொசிஷன் குறியீட்டின் தொடக்கத்தை அவரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உற்பத்தி நடக்கிற இடத்திலிருந்து வந்த கேள்வியால்தான் டிராயிங்கின் மொழியே வளர்ந்திருக்கிறது. காதில் விழக் கூடாது, வாயில் வரக் கூடாது என்று எங்களுக்கு விலக்கிவைத்த பிரதிகள் ஏற்கெனவே நிறைய. டிராயிங்கையும் அந்த அலமாரியில் வைக்க நாங்கள் விடப்போவதில்லை.

டேட்டம் என்றால் லத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்று அர்த்தம். கொடுக்க வேண்டியது வரைபவரின் பொறுப்பு, கொடுத்ததிலிருந்து பிசகாமல் அளப்பது மெஷினில் நிற்பவரின் பொறுப்பு. கொடுக்காததை ஊகித்துச் செய்யும் பொறுப்பு எந்தத் தரப் புத்தகத்திலும் ஆபரேட்டருக்கு இல்லை. இதை நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களும் வாசிப்பார்கள் என்றே எழுதுகிறோம். ஒரு கேள்விக்கு ஆகும் செலவு ஒரு போன் கால். கேட்காமல் விட்டதற்கு ஆன செலவு 40 ஃபிளாஞ்ச்.

பட்டறையில் நிற்கிற தம்பி தங்கைகளுக்கு: மூலைக் கட்டத்தோடு முழு டிராயிங்கைக் கேளுங்கள். பீஸைப் பிடிப்பதற்கு முன் ஏ, பி, சி எங்கே என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இல்லாத அளவை மூன்று சல்லடையிலும் சலியுங்கள். மிஞ்சினால் டிராயிங் நம்பர், திருத்த எழுத்து, இடம், தேதி போட்டு எழுதியே கேளுங்கள். போனில் பதில் சொன்னால், ‘சார், நீங்க சொன்ன மாதிரி கீவேக்கு நேரா போடுறேன்’ என்று அந்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். முதல் பீஸில் கையெழுத்து வாங்காமல் இரண்டாவது பீஸைச் சக்கில் மாட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குமேல் படிப்பகம் திறந்திருக்கும், வரும்போது பென்சில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.